புது கிராஃபிக்ஸ் கார்டுக்கு எந்த லினக்ஸ்? முதலில் தேதியைப் பாருங்கள்

2025 ஏப்ரலில், தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தைய சனிக்கிழமை, புதுசாக ஒரு கேமிங் பிசி அசெம்பிள் செய்தேன். மூன்று வருடமாக ஒதுக்கி வைத்த காசு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு கடை ஏறி இறங்கி, கிடைக்காததை ஆன்லைனில் வாங்கி, ஒவ்வொரு டப்பாவாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர், அவர்களுடைய ரேடியான் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி டிடிஆர்5, ஒரு பி850 மதர்போர்டு. பிராசஸர் 2024 நவம்பரில் வந்தது, கார்டு 2025 மார்ச் 6-ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. அதாவது என் மேசையில் அது உட்காரும்போது அதற்கு வயது ஐந்து வாரம். இந்த ஐந்து வாரம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது எல்லாமே அதைச் சுற்றித்தான்.

விண்டோஸ் போடுவதில்லை என்பது முன்பே முடிவானது. பகல் முழுக்க வேலை லினக்ஸில்தான், ராத்திரி ஒரு மணி நேரம் விளையாடுவதற்காக வேறொரு சிஸ்டத்துக்குத் தாவி, அது அப்டேட் முடித்து எழுந்துவர நான் காத்திருப்பது எனக்கு அலுத்துவிட்டது. பழைய பிசியில் இருந்த விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிகிறது என்று அறிவித்திருந்தார்கள். சரி, இனிமேல் ஒரே சிஸ்டம் போதும் என்று நினைத்தேன்.

எந்த டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸின் எந்தத் தொகுப்பு என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. வருடக்கணக்காக நான் நம்பிப் பயன்படுத்தும் ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பு இருக்கிறது, பெயர் இங்கே வேண்டாம், அதையே பென் டிரைவில் ஏற்றிப் போட்டேன். இன்ஸ்டால் முடிந்து திரை வந்தது. ஆனால் 1024-க்கு 768. எழுத்தெல்லாம் பூதக்கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல ஊதிப்போய், மவுஸை நகர்த்தினால் அது அரை நொடி கழித்துத் தயங்கித் தயங்கி வருகிறது. ஒரு ஜன்னலைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே கோடு கோடாக இழுபடுகிறது. ஈதர்நெட் வயரைச் சொருகினால் விளக்கு எரிகிறது, இணைப்பு மட்டும் பட்டியலில் இல்லை. டெர்மினலைத் திறந்து, படத்தை வரைவது யார் என்று கேட்டேன். எல்எல்விஎம்பைப் என்று பதில் வந்தது. கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, பிராசஸர்தான் ஒவ்வொரு புள்ளியையும் கையால் வரைந்துகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

முதலில் வந்தது பயம்தான். கார்டு பழுதோ? டப்பாவை இன்னும் தூக்கிப் போடவில்லையே, பில் எங்கே வைத்தேன் என்றெல்லாம் மனசு ஓடியது. இந்தக் கட்டத்தில் இருக்கும் யாருக்காவது இந்தப் பதிவு கண்ணில் பட்டால் ஒன்று சொல்கிறேன், ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இந்த வகை ரைசனுக்குள்ளேயே ஒரு சின்ன கிராஃபிக்ஸ் இருக்கிறது. என் போர்டில் அது பயாஸில் அணைந்திருந்தது. அதை ஆன் செய்து, மானிட்டர் வயரைக் கார்டிலிருந்து பிடுங்கி மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகினேன். திரை உடனே பளிச்சென்று தெளிந்துவிட்டது. அதே கம்ப்யூட்டர், அதே டிஸ்ட்ரோ. உள்ளே இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ் ஆர்டிஎன்ஏ 2 தலைமுறை, லினக்ஸுக்குப் பல வருடப் பழக்கம். வெளியே இருக்கும் பெரிய கார்டு ஆர்டிஎன்ஏ 4, அந்த டிஸ்ட்ரோவின் கெர்னல், அதாவது ஹார்டுவேரோடு பேசும் மையப் பகுதி, அதை வாழ்நாளில் பார்த்ததே இல்லை. கார்டில் ஒரு குறையும் இல்லை, டிஸ்ட்ரோவிலும் இல்லை. இரண்டுக்கும் அறிமுகம் ஆகவில்லை, அவ்வளவுதான்.

இது ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு இது புரிந்துவிட்டால் டிஸ்ட்ரோ தேர்வில் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. விண்டோஸில் கார்டு வாங்கினால் தயாரிப்பாளரின் தளத்துக்குப் போய் டிரைவரை இறக்கிப் போட்டுக்கொள்வோம், விண்டோஸ் பழசா புதுசா என்று பெரிதாகப் பார்க்க வேண்டியதில்லை. லினக்ஸில் ஏஎம்டி கார்டுக்கு அப்படித் தனியாக எதையும் இறக்க வேண்டாம், எல்லாம் டிஸ்ட்ரோவோடேயே வருகிறது. அது பெரிய சௌகரியம். ஆனால் டிஸ்ட்ரோ எவ்வளவு பழசோ டிரைவரும் அவ்வளவு பழசு என்பதும் அதற்குள் அடக்கம். டிரைவர் என்று ஒன்றாகச் சொல்கிறோமே தவிர அது மூன்று இடத்தில் பிரிந்து கிடக்கிறது. கார்டோடு நேரடியாகப் பேசுகிற ஏஎம்டிஜிபியு என்ற பகுதி கெர்னலுக்குள் இருக்கிறது. வல்கன், ஓப்பன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகங்கள் வழியாக விளையாட்டு கேட்பதைக் கார்டுக்குப் புரிகிற கட்டளையாக மாற்றுவது மெசா. கார்டுக்குள்ளேயே ஏற்றப்படும் ஃபர்ம்வேர் கோப்புகள் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தனிப் பொதியில் வருகின்றன. மூன்றில் ஒன்று பழசாக இருந்தாலும் மற்ற இரண்டும் புதுசாக இருந்து பிரயோஜனம் இல்லை. கெர்னலை மட்டும் புதுசாக்கிவிட்டு ஃபர்ம்வேரை மறந்தவர்கள் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

9070 வரிசைக்குத் தேவைப்பட்டது கெர்னல் 6.12 அல்லது அதற்கு மேல், மெசா 25.0, அப்புறம் அந்த மாதங்களில் வெளிவந்த ஃபர்ம்வேர். இப்போது தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூன், கெர்னல் 6.1. உபுண்டு 24.04 வந்தது 2024 ஏப்ரல், கெர்னல் 6.8. கார்டோ 2025 மார்ச். 2023-ல் அச்சடித்த ரேஷன் கார்டில் 2025-ல் பிறந்த குழந்தையின் பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? யார் மேலும் தப்பில்லை. டெபியன் நிலையானது என்று நாம் மெச்சுவதே அது உள்ளே இருப்பதை அடிக்கடி மாற்றுவதில்லை என்பதற்காகத்தான். சர்வரில் எனக்கு அதுதான் வேண்டும். ஐந்து வாரக் குழந்தை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதையே கேட்பதுதான் பொருத்தமில்லாதது.

ஈதர்நெட் வராததற்கும் இதே காரணம்தான். என் போர்டில் இருந்தது 5 கிகாபிட் சிப், அதற்கான ஆதரவு கெர்னல் 6.9-ல்தான் சேர்ந்தது. நான் போட்டிருந்த பதிப்பின் கெர்னல் அதற்கும் முந்தையது. புது ஹார்டுவேர் என்றதும் எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டை மட்டும்தான் நினைக்கிறோம். புது போர்டில் இருக்கும் வைஃபை 7 சிப், ஈதர்நெட், சவுண்ட், மின்விசிறியின் வேகத்தைச் சொல்லும் சென்சார் எல்லாமே புதுசுதான், அவற்றுக்கும் கெர்னல்தான் சோறு போட வேண்டும். சில வைஃபை சிப்புகள் வேலை செய்யும், தூங்கி எழுந்த பிறகு காணாமல் போகும். அதனால் போர்டு வாங்கும் முன் அதில் எந்த வைஃபை சிப், எந்த ஈதர்நெட் சிப் என்று பார்த்து, அது எந்தக் கெர்னலில் சேர்ந்தது என்று ஒரு தடவை தேடிவிடுவது நல்லது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது போன்தான். யுஎஸ்பி வயரில் சொருகி டெதரிங் ஆன் செய்தால் லினக்ஸ் அதை ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்கிறது, எந்த டிரைவரும் கேட்பதில்லை. புது மெஷினில் லினக்ஸ் போடுகிறவர் கையில் டேட்டா வயர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், சார்ஜ் மட்டும் ஏறுகிற வயர் உதவாது.

பழைய டிஸ்ட்ரோவை வைத்துக்கொண்டே வெளியிலிருந்து புதுக் கெர்னலையும் புது மெசாவையும் கொண்டுவந்து சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். சேர்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் செய்தது அதுதான். கெர்னல் ஒரு இடத்திலிருந்து, மெசா இன்னொரு களஞ்சியத்திலிருந்து, ஃபர்ம்வேரைக் கையால் எடுத்து அதன் அடைவில் போட்டு, ராத்திரி பதினொரு மணிக்குக் கார்டு உயிர் பெற்றது. சந்தோஷம்தான். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த அப்டேட்டில் இந்த மூன்றில் எது எதோடு முட்டும் என்று எனக்கே தெரியாது, அப்படி முட்டினால் கேட்கவும் ஆள் கிடையாது, ஏனென்றால் உலகத்தில் அந்தக் கலவையில் ஓடுகிற மெஷின் என்னுடையது மட்டும்தான். நிலையான டிஸ்ட்ரோவை எடுத்து அதன் நிலைத்தன்மை இருந்த இடத்தையெல்லாம் ஒட்டுப் போட்டு மாற்றிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? பொறுமை இருந்தால் காத்திருப்பது இதைவிட நல்ல வழி. உபுண்டு 24.04-க்கே அந்த ஆகஸ்டில் 24.04.3 வெளியீட்டோடு கெர்னல் 6.14 வந்துவிட்டது. டெபியன் 13-உம் 2025 ஆகஸ்ட் 9-ல் கெர்னல் 6.12-ஓடு வந்தது. ஆனால் ஏப்ரலில் கார்டை வாங்கிவிட்டு ஆகஸ்ட் வரை அதைப் பார்த்துக்கொண்டே இருக்க எனக்கு மனசில்லை.

திங்கட்கிழமை புத்தாண்டு, வீட்டில் பாயசமும் மாங்காய் பச்சடியும், கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. மறுநாள் ஏப்ரல் 15, ஃபெடோரா 42 வெளியானது. கெர்னல் 6.14, மெசா 25.0. அன்று ராத்திரி ஒரு 64 ஜிபி பென் டிரைவில் வென்டாய் போட்டு, நான்கு டிஸ்ட்ரோவின் ஐஎஸ்ஓவை, அதாவது இன்ஸ்டால் படிமத்தை, அதில் காப்பி செய்தேன்: ஃபெடோராவின் கேடிஇ மேசைச் சூழல் பதிப்பு, கேச்சிஓஎஸ், பாசைட், ஓப்பன்சூசே டம்பிள்வீட். வென்டாய் தெரியாதவர்களுக்கு, ஒரு தடவை பென் டிரைவைத் தயார் செய்துவிட்டால் அதற்கப்புறம் ஐஎஸ்ஓ கோப்புகளைச் சாதாரணமாக இழுத்துப் போட்டாலே போதும், பூட் ஆகும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டிக் கேட்கும். எதையும் இன்ஸ்டால் செய்யாமல் ஒவ்வொன்றாக பூட் செய்து பார்க்க இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியாது.

பூட் செய்து என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வால்பேப்பர் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இல்லை. முதலில் டெர்மினலில் கெர்னல் பதிப்பு. அப்புறம் படத்தை வரைவது யார் என்ற கேள்வி, அன்று ஃபெடோராவில் அந்த வரியில் ரேடியான் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி என்ற பெயரும் பக்கத்தில் ஜிஎஃப்எக்ஸ் 1201 என்ற எண்ணும் வந்ததைப் பார்த்தபோது மூன்று நாள் களைப்பும் இறங்கியது. அது இந்தக் கார்டின் சிப்புக்கான உள் அடையாளம், அது வந்துவிட்டால் கெர்னல், மெசா, ஃபர்ம்வேர் மூன்றும் கைகோத்துவிட்டன என்று நம்பலாம். அதற்கப்புறம் மானிட்டர் செட்டிங்ஸில் 144 ஹெர்ட்ஸ் காட்டுகிறதா, வைஃபை பிடிக்கிறதா, ஈதர்நெட் வருகிறதா, ஹெட்போனில் சத்தம் கேட்கிறதா, மைக் எடுக்கிறதா. கடைசியாகத் தூங்கவைத்து எழுப்பிப் பார்க்க வேண்டும். இதை மட்டும் தவற விடாதீர்கள், புது ஹார்டுவேரில் முதலில் சொதப்புவது பெரும்பாலும் தூங்கி எழும் இடம்தான். ஒரு டிஸ்ட்ரோவுக்குக் கால் மணி நேரம் போதும்.

நான்கிலும் கார்டு ஓடியது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கேமிங் டிஸ்ட்ரோ என்று பெயர் போட்டதில்தான் ஓடும், மற்றதில் ஓடாது என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. அப்படி இல்லை. விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட வைப்பது, வால்வ் நிறுவனத்தின் விளையாட்டுக் கடையான ஸ்டீமோடு வரும் புரோட்டான். 2018 ஆகஸ்டில் வால்வ் அதை வெளியிட்டபோதே லினக்ஸில் விளையாடுவதன் கதை மாறிவிட்டது, 2022 பிப்ரவரியில் லினக்ஸில் ஓடும் அவர்களுடைய கையடக்கக் கருவி ஸ்டீம் டெக் கைக்கு வந்த பிறகு அது இன்னும் வேகம் பிடித்தது. விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டும் வைன், விண்டோஸின் கிராஃபிக்ஸ் இடைமுகமான டைரக்ட்எக்ஸை வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே, விகேடி3டி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். எந்த டிஸ்ட்ரோவில் ஸ்டீமைப் போட்டாலும் அதே புரோட்டான்தான் இறங்கி வரும். டிஸ்ட்ரோ தரவேண்டியது கீழே இருக்கும் கெர்னலும் மெசாவும் ஃபர்ம்வேரும்தான்.

கேச்சிஓஎஸ் எனக்கு ரொம்பவும் ஆசை காட்டியது. ஆர்ச் அடிப்படை, புதுப் பிராசஸர்களுக்கென்றே மறுபடி கம்பைல் செய்த பொதிகள், எந்த வேலைக்கு எப்போது பிராசஸர் என்று முடிவு செய்யும் ஷெட்யூலரைத் தனியாகப் போட்ட கெர்னல். தொட்டால் துள்ளுகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் விளையாடுவது யாரோ ஒரு நிறுவனம் கம்பைல் செய்து கொடுத்த விண்டோஸ் எக்ஸிகியூட்டபிள், அதை எந்த டிஸ்ட்ரோவாலும் மறுபடி கம்பைல் செய்ய முடியாது. கார்டு முழு மூச்சில் ஓடும் விளையாட்டில் என் கண்ணுக்கு ஃபெடோராவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்டேட் வந்துகொண்டே இருக்கும், போடும் முன் அறிவிப்புகளைப் படிக்கும் பழக்கம் வேண்டும். அது இருப்பவர்களுக்கு அருமையான டிஸ்ட்ரோ. எனக்கு வேலை நாட்களில் அந்த நேரம் இல்லை.

பாசைட் ஃபெடோராவின் மேல் கட்டியது, ஆனால் முறை வேறு. சிஸ்டம் முழுக்க ஒரே படிமமாக வரும், கணினியின் அடிப்படைக் கோப்புகளை நாம் தொட முடியாது, அப்டேட் என்பது பழைய படிமத்துக்குப் பக்கத்தில் புதுப் படிமத்தை வைப்பது. ரீஸ்டார்ட் செய்து பிடிக்கவில்லையென்றால் பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஸ்டீம், கன்ட்ரோலர் ஆதரவு, வீடியோ கோடெக் எல்லாம் முதல் நாளே தயார். டிவிக்குப் பக்கத்தில் வைத்து சோபாவில் உட்கார்ந்து விளையாட ஒரு பெட்டி வேண்டும், டெர்மினல் என்ற வார்த்தையே கேட்க வேண்டாம் என்பவருக்கு நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். எனக்கு வேலைக்கான கருவிகளையும் இதே மெஷினில் போட வேண்டியிருந்தது. அதைக் கன்டெய்னர் என்ற பிரித்துவைத்த சூழலுக்குள் வைத்துச் செய்யலாம் என்றாலும் எனக்குக் கை வரவில்லை.

டம்பிள்வீட்டைப் பற்றி ஏன் தமிழில் யாரும் எழுதுவதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும் டிஸ்ட்ரோ, ஆனால் ஒவ்வொரு வெளியீடும் தானியங்கிச் சோதனையில் தேறிய பிறகுதான் வெளியே வரும். ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்ற கருவி ஒரு நகல் எடுத்து வைக்கும், கெட்டுப்போனால் பூட் மெனுவிலிருந்தே நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். எங்கள் தெருவில் கோடையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, யுபிஎஸ் பேட்டரியும் வயசாகிக்கொண்டிருக்கிறது, அப்டேட் பாதியில் விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு நிஜமான கவலை. அந்த ஒரு விஷயத்தில் ஃபெடோராவைவிட டம்பிள்வீட் ஒரு படி மேல் என்று இன்றும் நினைக்கிறேன். ஃபெடோராவும் அப்படி நகல் எடுக்க உதவும் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையைத்தான் போடுகிறது, ஆனால் நகல் எடுப்பதை நாமாக அமைத்துக்கொள்ள வேண்டும், அதை முதல் வாரமே செய்துவிட்டேன்.

கடைசியில் ஃபெடோராவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் நடை. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. அந்தப் பதிப்புக்குள்ளேயே கெர்னலும் மெசாவும் ஃபர்ம்வேரும் புதுசாகிக்கொண்டே வரும். புதுக் கார்டுக்கு இது முக்கியம். கார்டு முதல் நாள் ஓடிவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கக் கூடாது, முதல் வருடத்தில்தான் டிரைவர் பக்குவப்படுகிறது, ஒவ்வொரு மெசா வெளியீட்டிலும் ஏதாவது ஒரு விளையாட்டின் கோளாறு தீர்கிறது. கெர்னல் 6.14-லேயே என்டிசிங்க் என்ற வசதி முழுமையாகச் சேர்ந்தது. விண்டோஸ் விளையாட்டுகள் தங்கள் த்ரெட்களை ஒத்திசைக்கும் வேலையைக் கெர்னலே அதே பாணியில் செய்துகொடுக்கும் ஏற்பாடு அது, வைன் பக்கமும் தயாராக இருந்தால் பலன் கிடைக்கும். பழைய கெர்னலில் இருந்தால் இதெல்லாம் பேச்சோடு சரி.

ஃபெடோராவில் கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. காப்புரிமைச் சிக்கலால் எச்.264, எச்.265 என்ற வடிவங்களில் இருக்கும் வீடியோவைக் கார்டின் மூலம் ஓட்டும் பகுதியை 2022-லிருந்தே அவர்கள் மெசாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து, அங்கிருக்கும் ஃப்ரீவேர்ல்ட் என்று முடியும் மெசா பொதியை மாற்றிப் போட வேண்டும். விளையாடுவதை ஓபிஎஸ் என்ற மென்பொருளில் பதிவு செய்கிறவர்கள் இதைச் செய்யாவிட்டால் பிராசஸர் தவிக்கும், ஏன் என்றே தெரியாது.

மானிட்டர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு மானிட்டர், ஒன்று 144 ஹெர்ட்ஸ், மற்றது பழைய 60 ஹெர்ட்ஸ். எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் ஓடும் மேசைச் சூழல்களில் இந்த ஜோடி ஒழுங்காக ஒத்துப்போவதில்லை. புது அமைப்பான வேலாண்டில் ஓடும் கேடிஇ பிளாஸ்மா 6-ல் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் தனியாக ஓடுகிறது, மாறும் ரெஃப்ரெஷ் ரேட்டும் எச்டிஆரும் செட்டிங்ஸில் ஒரு கிளிக். வயர் டிஸ்ப்ளேபோர்ட்டாக இருக்கட்டும். ஏஎம்டியின் திறந்தமூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 சேர்க்க எச்டிஎம்ஐ மன்றம் ஒப்புக்கொள்ளவில்லை என்பது 2024 பிப்ரவரியில் தெரியவந்தது. நான் வாங்கிய நேரத்திலும் அதே நிலைதான். 4கே 120 ஹெர்ட்ஸ் டிவியில் எச்டிஎம்ஐ போட்டு முழுத் தரத்தில் விளையாட நினைப்பவர்கள் கார்டு வாங்கும் முன்பே இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

என்விடியா வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே டிரைவர் தனியாக வருகிறது, ஆர்டிஎக்ஸ் 50 வரிசை என்றால் 570 அல்லது அதற்கு மேற்பட்ட வரிசை டிரைவர், அதிலும் திறந்த கெர்னல் மாட்யூல் வகைதான் வேலை செய்யும், பழைய மூடிய வகை அந்தக் கார்டுகளை ஆதரிப்பதே இல்லை. கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் பூட்டில் ஏற்ற விடும் செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் அந்த மாட்யூலுக்கு கையெழுத்துச் சாவி பதிய வேண்டியிருக்கும், ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரையில் ஒரு கேள்வி வரும், அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது. டிரைவர் போடும் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் பாசைட்டின் என்விடியா படிமம், கேச்சிஓஎஸ் இரண்டும் புதிதாக வருபவர்களுக்கு நல்லது.

இன்னொரு விஷயம், டிஸ்ட்ரோ எதுவானாலும் தீராதது. நான் அசெம்பிள் செய்த வாரத்திலேயே சித்தி பையன் வந்து பார்த்தான், காலேஜ் இரண்டாம் வருடம். கண்ணாடி வழியாகக் கார்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணா, இதுல வாலரண்ட் ஓடுமா?" என்றான்.

"ஓடாதுடா. அதோட ஆன்டி-சீட் விண்டோஸ் கெர்னலுக்குள்ள உட்கார்ற டிரைவர். லினக்ஸ்ல அதுக்கு இடமே இல்ல."

"வேற டிஸ்ட்ரோ போட்டா?"

"எது போட்டாலும்."

அவன் முகம் சுருங்கியது. அவனுக்கு விளையாட்டு என்றால் நான்கு நண்பர்களோடு ராத்திரி வாலரண்ட், அவ்வளவுதான். ஃபோர்ட்நைட்டும் அப்படித்தான். அபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் 31 அன்று அந்தக் கதவையும் மூடிவிட்டார்கள். ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்கள் இரண்டும் 2021-லிருந்தே புரோட்டானுக்கு ஆதரவு தருகின்றன, ஆனால் அதை இயக்குவதா வேண்டாமா என்பது அந்தந்த விளையாட்டை உருவாக்கியவர்களின் விருப்பம். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. தனியாக விளையாடும் விளையாட்டுகளில் எனக்கு இந்த ஒரு வருடத்தில் பெரிய ஏமாற்றம் எதுவும் இல்லை. அதனால் டிஸ்ட்ரோ தேடும் முன் நீங்கள் வாரம் தவறாமல் விளையாடும் ஐந்து விளையாட்டின் பெயரை எழுதி, எந்த விளையாட்டு லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று சொல்லும் புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அதில் ஒன்று ஓடாது, அதில்லாமல் உங்களால் இருக்கவும் முடியாது என்றால் விண்டோஸைத் தனி எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே எஸ்எஸ்டியைப் பங்கு பிரிக்காதீர்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் இருக்கும் பழைய டிரைவில் இருக்கும் ஸ்டீம் விளையாட்டுகளை அங்கிருந்தே லினக்ஸில் ஓட்டலாம் என்றும் ஆசைப்படாதீர்கள். புரோட்டான் உருவாக்கும் சில கோப்புப் பெயர்களில் முக்காற்புள்ளி வரும், விண்டோஸுக்கு அது ஆகாது, என்றைக்காவது ஒரு நாள் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

தமிழில் தட்டச்சு செய்வதைப் பற்றியும் ஒரு வரி. வேலாண்ட் பிளாஸ்மாவில் ஃபிசிடிஎக்ஸ் 5 என்ற தட்டச்சுக் கருவியையும் அதன் எம்17என் பொதியையும் போட்டு, செட்டிங்ஸில் வெர்ச்சுவல் கீபோர்டு என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்99 ஒழுங்காக வருகிறது. இந்தப் பதிவே அப்படி அடித்ததுதான்.

ஒரு வருடம் முழுக்கச் சிக்கலே இல்லாமல் போகவில்லை. ஒரு கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு தூங்கவைத்த கம்ப்யூட்டர் எழ மறுத்தது. மின்விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை. ஃபெடோரா எப்போதும் கடைசி மூன்று கெர்னல்களை வைத்திருக்கும். பூட் ஆகும்போது எஸ்கேப் தட்டி முந்தையதைத் தேர்ந்தெடுத்தேன், இரண்டு வாரம் அதிலேயே ஓட்டினேன், அடுத்த அப்டேட்டில் சரியாகிவிட்டது. புதுசைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருக்கும் டிஸ்ட்ரோவில் இப்படி எப்போதாவது ஒன்று வரும், அதற்குத் திரும்பிப் போக வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

போன மாதம் சித்தி பையனும் ஒரு கார்டு வாங்கினான். செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 7600, 2023 மே மாதம் வெளிவந்தது. விண்டோஸ் இருக்கிற எஸ்எஸ்டியைத் தொடாமல் இன்னொரு எஸ்எஸ்டியில் லினக்ஸ் போட்டுத் தரச் சொன்னான். ஃபெடோரா போடுவோமா, பாசைட் போடுவோமா என்று அவனே நான்கு வீடியோ பார்த்துக் குழம்பி வந்திருந்தான். கார்டின் தேதியைப் பார்த்துவிட்டு லினக்ஸ் மின்ட் 22.2 இருந்த பென் டிரைவை எடுத்தேன். அதற்குள் இருப்பது கெர்னல் 6.14, அவனுடைய கார்டோ அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் மூத்தது. பூட் ஆனதும் திரை முழு அளவில் வந்தது, ஈதர்நெட் பிடித்தது, ஸ்டீம் இறங்கும் நேரத்தில் சித்தி காபி கொண்டுவந்தார். காபி ஆறும் முன்பே அவன் கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் உட்கார்ந்துவிட்டான்.